தனிக்கூண்டு

மோகனூர் ரோட்டில் இருக்கும் கந்தவேலின் கோழிப்பண்ணையில் ஊசி போடுகிற நாளென்றால் மற்ற வேலைகள் நின்றுபோகும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நாமக்கல்லிலிருந்து பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்து வந்துவிடும். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கோழிகளுக்குப் போடுகிற மருந்து அது. வேலைக்காரப் பெண்கள் கொட்டகைக்குள் புகுந்து ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். ஊசி போடுகிற சென்னிமலை முக்காலியில் உட்கார்ந்தபடி வாங்கிக்கொள்வார்.

ஊசியை இறக்குவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்வார். கோழியின் நெஞ்சுக்கு அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை திரண்டிருந்தால் இறக்கைக்கு அடியில் ஊசி இறங்கும். "ஆச்சு" என்பார். எலும்பு கத்தியைப் போல விரலில் அறுத்தால் ஊசியை விலக்கிக்கொண்டு "தனி" என்பார். அந்தக் கோழியை, அவருக்கு வலதுபக்கம் நிற்கும் வேலைக்காரி உண்ணாமலை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகையின் கோடியில் இருக்கும் தனிக்கூண்டில் விட்டுவிட்டு வருவாள். மெலிந்த கோழிக்கு அந்த மருந்து தாங்காது. நோய் வரக்கூடாதென்று போட்ட ஊசியே நோயாக மாறிச் சாய்த்துவிடும். இது அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் விரலை வைத்ததும் சொல்லிவிடுகிற ஆள் சென்னிமலை ஒருவர்தான். அதனால் மற்ற பண்ணைக்காரர்களும் மோட்டார் சைக்கிள் அனுப்பி அவரை அழைத்துப் போவார்கள்.

அவருடைய நெஞ்சில் விரலை வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அறுபதை நெருங்கும் வயது. வாலிபத்தில் காசநோய் வந்து பெருந்துறை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தவர். நோய் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஊரில் அதை யாரும் நம்பவில்லை. கட்டிலை மாட்டுக் கொட்டகையில் போட்டார்கள். தட்டும் செம்பும் தனி. மனைவி சோற்றைக் கொண்டுவந்து தூண் ஓரமாக வைத்துவிட்டு, "வெச்சிருக்கறேனுங்க" என்று சொல்லித் திரும்பிப் போவாள். வருடக்கணக்கில் அப்படியே பழகிப்போயிற்று. அவள் கெட்டவளில்லை. கைக்குழந்தை இருந்த வீடு. அந்தக் குழந்தை சென்னியம்மாள் வளர்ந்து பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். மனைவியும் காலமான பிறகு சென்னிமலை பண்ணைக்கே வந்துவிட்டார். தீவனக் குடோனை ஒட்டி ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். நெஞ்சு மட்டும் பழையபடி ஆகவில்லை. இரண்டு மூட்டை தூக்கினால் இழுக்கும். மகள் பண்டிகைக்கு வருவாள். வந்தால் வாசலில் நின்றபடியே, "ஒடம்பு பரவால்லீங்களாப்பா?" என்று கேட்பாள். "பரவால்ல சாமி" என்பார்.

எண்பதாம் வருடத்து ஆடியில் காவிரியில் புதுத்தண்ணீர் வந்த கொஞ்ச நாளில் ஆற்றோரத்துத் தெருக்களில் வாந்திபேதி தொடங்கியது. காலரா என்று வாயால் சொல்லப் பயந்துகொண்டு 'அந்தச் சீக்கு' என்றே பேசிக்கொண்டார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார்கள். பண்ணை வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்தத் தெருக்காரர்கள். ஆகவே சுகாதார நர்ஸ் பண்ணைக்கே வந்து சேர்ந்தாள்.

அவள் பெயர் வசந்தாமணி. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். முட்டை அடுக்கும் மேசையைத் துடைத்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஊசிகளைக் கொதிக்கப் போட்டாள். கந்தவேல் முதல் ஆளாகச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து போட்டுக்கொண்டான்.

"பாத்துக்கிட்டீங்களா எல்லாரும்? மொதலாளி நானே போட்டுக்கிட்டேன். வாங்க ஒவ்வொருத்தரா. நீங்க பேதியில படுத்துக்கிட்டா முட்டையை ஆரு பொறுக்கறது?"

"மொதலாளிக்கு முட்டை மேல எத்தன பாசம் பாருங்க!" என்றாள் குப்பாயி. அந்தப் பண்ணையில் எதற்கும் வாய் திறக்கத் தயங்காதவள் அவள்தான்.

வசந்தாமணி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "இதுல வயசானவங்க, இளைச்சவங்க, நெஞ்சு நோவு இருக்கறவங்க யாருங்க? அவங்க முன்னால வாங்க. அவங்களுக்குத்தான் மொதல்ல."

யாரும் வரவில்லை. எல்லோரும் சென்னிமலையைப் பார்த்தார்கள்.

"என்னைய எதுக்குப் பாக்கறீங்க?"

"பின்ன ஆரைப் பாக்கறது? இத்தன வருசமா எத்தன கோழியக் குத்தியிருப்பீங்க! இன்னைக்கு ஒரே ஒரு குத்து நீங்க வாங்கிக்குங்கண்ணா. கோழிங்க எல்லாம் வேடிக்கை பாக்கட்டும்" என்றாள் குப்பாயி.

பெண்கள் சிரித்தார்கள். சென்னிமலை சிரிக்கவில்லை.

"எனக்கு ஆகாதுங்க நர்சம்மா. நான் நெஞ்சுச் சீக்குக்காரன். ஒடம்புல சதை கிடையாது. இளைச்ச ஒடம்புக்கு ஊசி தாங்காது."

"யாருங்க சொன்னது?"

"ஆரு சொல்லோணும்? இளைச்ச கோழிக்கு ஊசி போட்டுப் பாருங்க. மூணாம் நாளு கழுத்தைத் திருப்பிக்கிட்டுச் சாஞ்சுரும். நான் கண்ணால பாத்தவன்."

"நீங்க என்ன கோழியாங்க?"

"கோழியவுட எச்சுன்னு என்னைய நான் நெனச்சுக்கறதில்லீங்க."

வசந்தாமணிக்குக் கோபம் வரவில்லை. ஊசியை வைத்துவிட்டு நிதானமாகவே சொன்னாள்: "கோழிக்குப் போடறது உசுருள்ள கிருமிங்க. அது வீரியமானது, இளைச்சதுக்குத் தாங்காது, நீங்க சொல்றது சரி. இது செத்த கிருமி. ரெண்டு நாளைக்குக் காய்ச்சல் அடிக்கும், கை வீங்கும். அவ்வளவுதான். இளைச்சவங்களுக்குச் சீக்கு வந்தாத்தான் தாங்காது. அதனாலதான் அவங்களுக்கு மொதல்லங்கறோம்."

உசுருள்ளது, செத்தது என்பதெல்லாம் அவருக்குப் புரியாமலில்லை. 'மொதல்ல' என்று அவள் சொன்னாளே, அதைத்தான் நம்ப முடியவில்லை. மெலிந்ததைப் பொறுக்கி எடுத்து முதலில் கவனிக்கிற ஒரு தொழிலை அவர் பார்த்ததில்லை. அப்படி ஒரு வீட்டையும் பார்த்ததில்லை.

"இளைச்சவனுக்கு மொதல்ல எவனும் எதுவும் செய்யறதில்லீங்க அம்முணி. செய்யறாங்கன்னா அதுல வேற என்னமோ இருக்குது. என்னைய உட்ருங்க."

சொல்லிவிட்டுக் குடோன் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். மற்றவர்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். குப்பாயி போட்டுக்கொண்டு, "ஐயோ, கோழி மாதிரிக் கத்தக்கூட முடியலையே!" என்று கையைத் தேய்த்தாள். வரிசையின் கடைசியில் உண்ணாமலை நின்றிருந்தாள். சென்னிமலைக்கும் இரண்டு மூன்று வயது மூத்தவள். இறகுத்தூசியிலேயே கிடந்து இருமல் வந்து, கன்னம் ஒட்டிப்போன உடம்பு. அவள் முறை வந்ததும் சேலைத்தலைப்பால் தோளை மூடிக்கொண்டாள்.

"அப்ப நானும் தனிக்கூண்டுதானுங்க" என்று வரிசையை விட்டு விலகினாள்.

சென்னிமலை குடோன் பக்கமிருந்து இரண்டடி முன்னால் வந்தார். "உங்களுக்கென்னுங்கக்கா, போட்டுக்குங்க."

"என்ற கையப் புடிச்சுப் பாருங்க சாமி, எலும்புதான் தட்டும். உங்களுக்கு ஆகாததுன்னா எனக்கும் ஆகாது. உங்க கையவுட நான் ஆரு சொல்லை நம்பறது?"

அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. வசந்தாமணி ஊசிகளைப் பெட்டியில் அடுக்கினாள். "மோகனூர்ல பள்ளிக்கூடத்துல சீக்காளிங்களுக்கு இடம் போட்டிருக்குதுங்க. அங்கதான் இருப்பேன். மனசு மாறுனா ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனாள்.

உண்ணாமலைக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கிற தம்பி மகன் ஒருவன் இருப்பதாகச் சொல்வாள். அவன் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆற்றோரத் தெருவில் ஒரு குடிசையில் தனியாக இருந்தாள். பகலில் பேசுவதெல்லாம் தனிக்கூண்டுக் கோழிகளோடுதான். கூண்டுத் தரையில் கடலைத்தோல் பரப்புவதும், தண்ணீர் மாற்றுவதும், "என்றா கண்ணு, இன்னைக்கும் திங்க மாட்டீங்கறே" என்று திட்டுவதும் சென்னிமலை காதில் விழுந்துகொண்டே இருக்கும். மத்தியானம் அவர் குடோன் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார், அவள் கூண்டோரம் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வண்டி திரும்புகிற இடம் கிடக்கும். வருடக்கணக்காக அந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

நர்ஸ் வந்துபோன இரண்டொரு நாளில், சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் கேட்டாள்.

"ஏஞ்சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"இந்தக் கூண்டுல உடற கோழிங்களுக்கு ஊசி போட்டிருந்தா செத்திருக்கும். அதானே?"

"பாதிக்கு மேல செத்துரும்."

"போடாம உட்டமே, பொழைச்சுக்குச்சா?"

சென்னிமலை கூண்டைத் திரும்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்காரன் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வருவான். தனிக்கூண்டில் இருப்பதையெல்லாம் காலைச் சேர்த்துக் கட்டி எடுத்துப் போவான். அது பண்ணையின் வழக்கம். தனிக்கூண்டுக்குப் போன கோழி திரும்பவும் கூட்டத்துக்கு வந்ததை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பொழைக்குமா பொழைக்காதான்னு பாக்கறதுக்கு ஆரு உட்டாங்க?" என்றாள் உண்ணாமலை. "அது கெடக்குது. நம்மள எந்தக் கடைக்கு அனுப்புவாங்க சாமி? உங்க ஒடம்பையும் என்ற ஒடம்பையும் சேத்துச் சாறு வெச்சாலும் ஒரு கும்பா தேறாதே!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. சென்னிமலையும் சிரித்தார். இருமல் நிற்கட்டும் என்று காத்திருந்து, அது நின்றதும் தட்டை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனார்.

அன்று பொழுதுக்கும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மெலிந்த கோழியைப் பிரித்து வைப்பது அதன் நல்லதுக்கு என்றே இத்தனை வருடமும் எண்ணியிருந்தார். கோழிக்கு அதனால் என்ன நல்லது வந்தது? யோசித்துப் பார்த்தால், மாட்டுக் கொட்டகைக்குக் கட்டில் போனதும் அவருடைய நல்லதுக்கு என்றுதான் சொன்னார்கள். உண்ணாமலையிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கோழிக்கு வேறு, நமக்கு வேறு. நர்ஸ் சொன்னது சரியாகத்தான் இருக்கும். போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டும். ஆனால் 'நீங்க ஏன் போட்டுக்கலை?' என்று அவள் திருப்பிக் கேட்பாள். அப்போது 'வாங்க, ரெண்டு பேரும் போகலாம்' என்று சொல்லவேண்டி வரும். ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனால் குப்பாயி சும்மா இருப்பாளா? வாரக் கடைசியில் வேலை குறைவாக இருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

அதற்குள் புதுக் கொட்டகைக் கோழிகளுக்கு ஊசி போடும் நாள் வந்தது. வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்தார். ஆச்சு, ஆச்சு என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு கோழியின் நெஞ்செலும்பு விரலில் அறுத்தது. "தனி" என்று சொல்லி வலதுபக்கமாக நீட்டினார். வாங்க ஆளில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. கோழி சிறகடித்துக்கொண்டு தொங்கியது.

"உண்ணாமலையக்கா எங்க?"

குப்பாயி கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் குரலில் எப்போதும் இருக்கிற கேலி இல்லை. "அவளுக்குப் பேதி புடிச்சுருச்சுங்கண்ணா. நேத்துப் பொழுதோட மோகனூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சாமா."

"கூட ஆரு போனா?"

"கூட ஆரு போவா? அவளுக்குன்னு ஆரு இருக்கறா?"

சென்னிமலை அந்தக் கோழியைத் தானே கொண்டுபோய்த் தனிக்கூண்டில் விட்டார். திரும்பி வந்து மிச்சமிருந்ததை முடித்தார். உடைத்த மருந்தைப் பாதியில் விட்டால் வீணாகிவிடும். கடைசிக் கோழிக்கு "ஆச்சு" சொன்னதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, முட்டை ஏற்றிக்கொண்டிருந்த வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எங்கே என்று கந்தவேல் கேட்டான். "மோகனூர் வரைக்கும் தம்பி" என்றார்.

பள்ளிக்கூடத்து வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் நெடி. கயிற்றுக்கு உள்பக்கம் வாத்தியார் மேசையைப் போட்டு வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண் சிவந்திருந்தது. அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"யாருங்க வேணும் பெரியவரே?"

"உண்ணாமலைங்க."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அதற்கு ஒரு சொல் தேடினார். அகப்படவில்லை. "ஒரே பண்ணைங்க" என்றார்.

"கூட இருக்க ஆளே இல்லீங்க. வாயில கரண்டி கரண்டியாத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கோணும். ஒரு பக்கம் சலைன் ஏறுனாலும் இதும் வேணும். நாங்க இருக்கறதே நாலு பேரு, எத்தன வாய்க்குத்தான் ஊத்தறது?" பெருமூச்சு விட்டாள். "ஆனா ஊசி போடாத ஆளை உள்ள உடக்கூடாதுங்க. உங்களுக்குத்தான் ஆகாதே."

சென்னிமலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்தார். வகுப்பறைக் கதவுகளெல்லாம் திறந்திருந்தன. எந்த அறையில் அவள் கிடக்கிறாள் என்று தெரியவில்லை. ஏதோ ஓர் அறையில் யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள்.

"போடுங்க" என்றார்.

"பயமில்லீங்களா?"

"இருக்குதுங்க."

அவள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். அவர் குனிந்து உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கில் ஊசி போட்டவருக்கு ஊசியை இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது புதிதாக இருந்தது. கோழிகளுக்குத் தன் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு கணம் எண்ணினார். அதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

"இன்னைக்குப் போட்டா இன்னைக்கே காப்பாத்திராதுங்க. அவங்களைத் தொட்ட கையை மருந்துத் தண்ணியில கழுவாம வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. இங்க எதையும் திங்கக் கூடாது. கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டாவது ஊசி ஒண்ணு இருக்குது, அதுக்கும் வரோணும். கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேனுங்க."

மூன்றாவது அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் பலகை போட்டு உண்ணாமலையைக் கிடத்தியிருந்தார்கள். சலைன் பாட்டில் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கரும்பலகையில் யாரோ பாதி போட்ட வகுத்தல் கணக்கு அப்படியே இருந்தது. அவளுடைய கை விரல்கள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியதைப் போலச் சுருங்கியிருந்தன. சென்னிமலை தலைமாட்டில் உட்கார்ந்து, நர்ஸ் கலக்கிக் கொடுத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றினார். கொஞ்சம் உள்ளே போயிற்று, கொஞ்சம் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். நோஞ்சான் குஞ்சுக்குத் தண்ணீர் காட்டுகிற அதே பொறுமை அவர் கையில் இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் அவள் கண் திறந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஆரு?"

"நான்தானுங்கக்கா. சென்னிமலை."

கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "கூண்டுக்குத் தண்ணி வெச்சீங்களா?"

"வெச்சாச்சு" என்றார். அது பொய். அவசரத்தில் அந்த நினைப்பே வரவில்லை.

"ஊசி போட்டுத்தான் உள்ள உட்டாங்களா?"

"ஆமாங்க."

"தாங்குதா?"

"தெரியலீங்க. இனிமேத்தான் தெரியும்."

ஒட்டிய கன்னம் லேசாக அசைந்தது. "தாங்கலீன்னா... ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க சாமி."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினார். இந்த முறை ஒரு சொட்டும் வழியவில்லை.

பொழுது இறங்கியதும் அவருக்குக் குளிர் தொடங்கியது. கை கனத்துத் தோள் வரை வலித்தது. கரண்டி பற்களில் பட்டு ஓசையிடும் அளவுக்குக் கை நடுங்கியபோது வசந்தாமணி வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"சொன்னேனே, காய்ச்சல் வரும்னு. பயந்துக்காதீங்க. இவங்களுக்கு இப்ப நாடி நல்லாத்தான் இருக்குது. நீங்க போய்ப் படுங்க. இங்க படுத்தா இன்னொரு சீக்காளின்னு ஆயிரும்."

உண்ணாமலை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவதா வேண்டாமா என்று நின்றார். தூங்கட்டும் என்று வந்துவிட்டார்.

தன் அறையில் போர்வைக்கு மேல் தீவனச் சாக்கையும் இழுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தார். கை வீங்கி உருண்டு நின்றது. நெஞ்சு இழுத்தது. கட்டைவிரலை எடுத்துத் தன் நெஞ்செலும்பின் மேலேயே வைத்துப் பார்த்தார். கத்தியைப் போலத்தான் இருந்தது. 'தனி' என்று சொல்லிக்கொண்டார். கழுத்து தானாகத் திரும்புகிறதா என்று அவ்வப்போது அசைத்துப் பார்த்துக்கொண்டார். தண்ணீர்ப் பானை அறையின் மூலையில் இருந்தது. எழுந்து போகத் தெம்பில்லாமல் அதைப் பார்த்தபடியே கிடந்தார்.

விடிந்ததும் வாசலில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"கஞ்சி வெச்சிருக்கறேனுங்கண்ணா" என்றது குப்பாயியின் குரல். "சூடு ஆறுறதுக்குள்ள எடுத்துக்குங்க. நான் உள்ள வல்லீங்க, ஊட்ல சின்னப்புள்ளைங்க இருக்குது. தப்பா நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கலை குப்பாயி."

உண்மையில் நினைக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்ததே பெரிது. ஆனால் அவள் காலடி ஓசை தேய்ந்து போனதும் தூண் ஓரத்துத் தட்டும் செம்பும் ஞாபகத்துக்கு வந்தன. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பகல் ரொம்ப நீளமாகப் போயிற்று. கொட்டகையில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டே இருந்தன. முட்டை வேன் வந்தது, போயிற்று. கந்தவேல் வெளியிலிருந்தே, "எப்படிங்ண்ணா இருக்குது?" என்று கேட்டான். "பரவால்ல தம்பி" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் உடம்பெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. காய்ச்சல் இல்லை. கழுத்து நேராகத்தான் இருந்தது. பசித்தது. பசிக்கிறது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

குளித்துவிட்டுப் பஸ் ஏறி மோகனூர் போனார். மூன்றாவது அறையில், அதே பலகையின் மேல், மீசை வைத்த ஓர் ஆள் கிடந்தான். சென்னிமலை பக்கத்து அறையையும் எட்டிப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வசந்தாமணி பின்னாலிருந்து வந்தாள்.

"நல்லாயிட்டாங்க, நல்லாயிட்டாங்க. பயப்படாதீங்க. மேச்சேரியில இருந்து தம்பி மகனாமே, சேதி தெரிஞ்சு நேத்து வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. எந்திரிச்சு நடந்துதான் போனாங்க."

"ஓ" என்றார். கதவை விட்டுவிட்டு, "திரும்பி வருவாங்களாமா?"

"அங்கயே வெச்சுக்கறதாத்தான் பேசிக்கிட்டாங்க. நாலு ஆட்டைப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்னு சொன்னாரு." அவள் எதையோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. கூண்டுக்கு நீங்க தண்ணி வெக்கலையாமா. மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாங்களாமா. இனிமேலாவது மறக்காம வெக்கச் சொன்னாங்க."

சென்னிமலை தலையை ஆட்டினார். சொல்லிக்கொள்ளாமல் வந்தவருக்கு, சொல்லாமல் போனவளைக் குறைசொல்ல வாயில்லை. பஸ் வரும்வரை பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்றார்.

பண்ணைக்கு வந்ததும் நேராகத் தனிக்கூண்டுக்குப் போனார். குப்பாயிதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஆனாலும் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் வைத்தார். அன்று கந்தவேலைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த வாரம் தனிக்கூண்டைக் கறிக்கு அனுப்ப வேண்டாம் தம்பி."

"ஏனுங்ண்ணா?"

"தீனி போட்டுப் பாக்கறேன். தேறுச்சுன்னா அப்பறமா ஊசி போட்டுக் கூட்டத்துல உட்ரலாம்."

"தேறலீன்னா?"

"தேறலீன்னா தேறலை. பாக்கோணுமல்ல?"

கந்தவேல் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். காய்ச்சல் இன்னும் போகவில்லை என்று நினைத்தானோ என்னவோ, சரியென்று விட்டுவிட்டான். சில கோழிகள் செத்தன. சில தின்னவே தொடங்கவில்லை. இரண்டு மூன்றுக்கு நெஞ்சில் சதை வைத்தது. அவற்றைத் தூக்கி விரலால் அழுத்தி, ஊசி போட்டு, "ஆச்சு" என்று சொல்லிக் கூட்டத்தில் விட்டார். கேட்க யாரும் பக்கத்தில் இல்லை. மத்தியானச் சோற்றைக் குடோன் படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். எதிரில் அந்த வண்டி திரும்புகிற இடம் காலியாகக் கிடந்தது.

இரண்டாவது ஊசிக்கு நாள் சொல்லி ஜீப் போனபோது சீக்கு ஏறக்குறைய அடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கத்திப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் வசந்தாமணி மோகனூர்ப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மேசை போட்டிருந்தாள். சீக்கே போய்விட்ட பிறகு ஊசி எதற்கு என்று பெரும்பாலோர் வரவில்லை. நாலைந்து வாலிபர்கள், ஒரு கடைக்காரர், வரிசையின் கடைசியில் சென்னிமலை.

வசந்தாமணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லா ஊரிலும் சொல்கிறதையே சொன்னாள். "வயசானவங்க, இளைச்சவங்க, நெஞ்சு நோவு இருக்கறவங்க முன்னால வாங்க."

அவர் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. முன்னால் நின்ற வாலிபர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். போனார்.

அவள் அவர் கையைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தி, சதை இருக்கும் இடம் தேடினாள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். "எங்க போடறதுன்னே தெரியலீங்களே உங்களுக்கு. ஒழுங்காச் சாப்புடோணும்" என்று முணுமுணுத்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. ஊசி இறங்கியது.

"ஆச்சுங்க பெரியவரே."

சென்னிமலை எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்த வாலிபன், "எந்திரிங்க தாத்தா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றான். அப்புறம்தான் எழுந்து, பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நடந்தார். பொழுது இறங்கியதும் காய்ச்சல் வரும் என்று இந்த முறை தெரிந்திருந்தது. பானையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, செம்பில் தண்ணீர் நிறைத்து மூடிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். தனிக்கூண்டுக்கு இரண்டு நாளைக்கும் சேர்த்தே வைத்திருந்தார்.